நடுவுல விட்டுப்போன ஸ்டாப்

அதத்தான் தம்பி நான் கேக்கறேன்... மனசு அமைதிக்குன்னு ஒரு கிளாஸ் நடத்தி, அதுல ஒரு மனுஷனோட ஆயுசக் குறைக்க முடியுமா? முடியுது. குறைச்சிட்டாங்க. எல்லாம் வீட்ல உக்காந்தபடியே, கம்ப்யூட்டர்லயே. ஆங், இங்கதான், இங்கதான். கடைக்கு நேரா வேணாம், அந்த வேனுக்குப் பின்னாடி கொஞ்சம் ஓரமா... சரி, நேராவே நிறுத்திட்டீங்க. பரவால்ல. ஷட்டர் பாதி இறங்கித்தான் இருக்கு. இஞ்சின மட்டும் நிறுத்தாதீங்க. ஏசி நின்னா நானும் நின்னுடுவேன்.

தெரியுது பாருங்க, பச்சை ஷட்டர், மேல பெரிசா ஒரு சாவி படம். பூட்டு ரிப்பேர் கடை. பின்னாடியே வீடு. அந்தக் கடைக்காரருக்கு இன்னைக்கு ஆஸ்பத்திரில ஊசி போடற நாள். அஞ்சு மணிக்கு ஊசி ரூம மூடிடுவாங்க. மனுஷன் போகமாட்டேன்னு உள்ள உக்காந்திருக்கார். இன்னைக்கு மட்டும் இல்லயாம், இனிமே எப்பவுமே வேணாமாம். அவரக் கிளப்பிக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். எங்க ரெண்டு பேரையும் நீங்கதான் ஆஸ்பத்திரில கொண்டு போய் விடணும். இப்ப இறங்கிடுவேன். ஒரே நிமிஷம், மூச்சு விட்டுக்கறேன்.

என்ன ஊசின்னு கேக்கத் தோணும். மரியாதைக்கு நீங்க கேக்கல. நல்ல குணம். நானே சொல்லிடறேன். ஆம்பளைங்களுக்கு மட்டும் அடியில பிராஸ்டேட்னு ஒண்ணு இருக்கு. இருக்கறதே தெரியாம அறுபது வருஷம் ஓட்டிடலாம். அப்புறம் அது ஒரு நாள் தன்னை அறிமுகப்படுத்திக்கும். எனக்கும் அந்தப் பூட்டுக்காரருக்கும் அதுல கேன்சர். எலும்பு வரைக்கும் போய் வீடு கட்டிடுச்சு. வெட்டி எறியற கட்டமெல்லாம் தாண்டியாச்சு. அதனால மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. உடம்புல ஆம்பளைங்கற திமிருக்குன்னு ஒரு சரக்கு ஓடுது இல்லயா, அந்தக் குழாய இந்த ஊசி மூடிடும். கேன்சருக்குத் தீனி அதுதானாம். தீனி போச்சுன்னா அது படுத்துக்கும். கூடவே நாமளும் படுத்துக்குவோம், அது வேற கதை.

ஏசியக் கொஞ்சம் ஏத்துங்க தம்பி. தலையாட்டறீங்க, ஆனா காத்து ஏறலயே... வண்டி பழசு போல. பாருங்க, உச்சந்தலைலேர்ந்து கழுத்து வரைக்கும் யாரோ அடுப்ப மூட்டின மாதிரி. இதுவும் அந்த ஊசியோட வேலைதான். எங்க வீட்டம்மாவுக்கு இதப் பாத்தா அப்படி ஒரு சந்தோஷம். அவளுக்கு அந்த வயசுல இப்படி எரிஞ்சப்ப நான் ஜன்னலத் திறந்துக்கோன்னு சொல்லிட்டு பேப்பர் படிச்சேனாம். இப்ப நான் எரிஞ்சா அவ பேப்பர எடுத்து விரிச்சுக்கறா. ஜன்னல் அந்தப் பக்கம் இருக்குங்கறா. சோப்பு விளம்பரம் பாத்தா எனக்கு அழுகை வருது தம்பி. விளம்பரத்துல ஒரு குழந்தை, ஒரு அழுக்கு நாய், அவ்ளோதான். நான் தேம்பறேன். பனியன் சைஸ் வேற ஏறிடுச்சு. கடைக்காரன் எப்படி சார்னு கேட்டான். வளர்ச்சின்னு சொன்னேன்.

அப்படி இருக்கறப்ப ஒரு நாள் ஸ்பூன் எங்கன்னு கேட்டு வீட்டையே ரெண்டாக்கிட்டேன். ஸ்பூன் என் கையிலயே இருந்தது. அன்னைக்கே எங்க வீட்டம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா. அவங்கதான் இந்தக் கிளாஸச் சொன்னாங்க. முத்தின பிராஸ்டேட் கேன்சர் உள்ள ஆம்பளைங்களுக்கு மட்டும், மன அழுத்தத்தச் சமாளிக்கறதுக்கு, குழுவா, ஆன்லைன்ல. வாரா வாரம் வியாழக்கிழமை சாயந்திரம். யாருக்குய்யா மன அழுத்தம்னு நான் கத்தினேன். அவ ஸ்பூனக் காட்டினா.

நடத்தறது ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு, குறை சொல்லமாட்டேன். குரல் மட்டும்... தூங்கற குழந்தைய எழுப்பாம துணி மாத்தற குரல். திரைல கட்டம் கட்டமா நாங்க, எட்டுக் கிழம். எல்லார் கையிலயும் விசிறி, அட்டை, தட்டு, ஏதோ ஒண்ணு. எப்பப் பாத்தாலும் யாரோ ஒருத்தர் எரிஞ்சிக்கிட்டிருப்பார். அதுல ஒருத்தர் ரிடையர்டு ஜட்ஜ். அவர நாங்க இதுவரைக்கும் பாத்ததே இல்ல. கேமராவ மேல திருப்பி வெச்சிருப்பார், சீலிங் ஃபேன் மட்டும் சுத்தும். நாங்க ஃபேனுக்கு வணக்கம் சொல்லிட்டு ஆரம்பிப்போம்.

முதல் நாளே அந்தப் பொண்ணு கண்ண மூடுங்கன்னா. இப்ப நீங்க ஒரு மரம், உங்க வேர் பூமிக்குள்ள ஆழமா, இன்னும் ஆழமாப் போகுதுன்னா. போகாதும்மான்னு சொன்னேன். நான் ஆயுசு பூரா காலேஜ்ல தாவரவியல் நடத்தினவன் தம்பி, இதக் கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியுமா? பெரும்பாலான மரத்துக்கு வேர் பக்கவாட்டுலதான் பரவும், மேலாப்புலயே இருக்கும், காத்தில்லாத ஆழத்துல அதுக்கு என்ன வேலைன்னு கேட்டேன். சரி சார், நீங்க மட்டும் பக்கவாட்டுல பரவுங்கன்னுட்டா. பரவினேன்.

அடுத்தது உடம்புப் பயணம்னு ஒண்ணு. கால் கட்டை விரல்ல மனச வைங்க, அப்படியே கணுக்கால், முழங்கால், தொடைன்னு மெல்லமா ஏத்திக்கிட்டு வருவா. தொடை வரைக்கும் வந்தாளா... அடுத்து சட்டுனு வயிறு. எங்களுக்கெல்லாம் ஒரு மாதிரி இருந்தது. அப்ப ஒரு கட்டத்துலேர்ந்து ஒரு குரல். "ஏம்மா, நடுவுல ஒரு ஸ்டாப்ப விட்டுட்டீங்களே. நாங்க எல்லாரும் அங்கதான ஏறினோம்?"

அவர்தான். இந்தப் பூட்டுக்காரர். ஃபேனுக்குப் பின்னாடிலேர்ந்துகூட ஒரு சிரிப்பு வந்தது தம்பி. அந்தப் பொண்ணு செவந்து போய், அப்புறம் அவளும் சிரிச்சு, அடுத்த வாரத்துலேர்ந்து அந்த ஸ்டாப்புலயும் பஸ் நின்னுது. அன்னைக்கு அவர் எல்லாருக்கும் கடை விலாசத்தச் சொன்னார். சாவி தொலைஞ்சா வாங்க, இதுக்குத்தான் வைத்தியம் இல்ல, பூட்டுக்கு இருக்குன்னார். அப்படித்தான் எனக்கு இந்த இடம் தெரியும். இதோ பாருங்க, பையில என்ன கொண்டாந்திருக்கேன். எங்க வீட்டு கேட்டுப் பூட்டு. பூட்டிட்டு சாவிய நானே செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில தள்ளிட்டேன். கையில வேலை இருந்தா அந்த மனுஷன் துரத்தமாட்டார் பாருங்க, அதுக்கு. எங்க வீட்டம்மா இந்நேரம் பூட்டத் தேடிட்டிருப்பா.

சரி, விஷயத்துக்கு வரேன். மணி என்ன? நாலு. நேரம் இருக்கு.

அந்தக் கிளாஸ்ல போன மாசம் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஜோடி ஜோடியாப் பிரிச்சுத் தனித்தனி ரூம்ல போடறது. ரூம்னா ரூம் இல்ல, கம்ப்யூட்டருக்குள்ளயே. ஒருத்தர் மனசுல இருக்கறதச் சொல்லணும். இன்னொருத்தர் ஒரு வார்த்தை பேசக்கூடாது. புத்தி சொல்லக்கூடாது, என் கதையும் அதேதான்னு ஆரம்பிக்கக்கூடாது. கேக்கணும். வேணும்னா தலையாட்டலாம். யோசிச்சுப் பாருங்க, ரெண்டு ஆம்பளைங்கள அடைச்சு வெச்சு ஒருத்தன வாயே திறக்காதன்னா எப்படி இருக்கும். சட்டம் போட்டவங்களச் சொல்லணும். அந்த ரூம்ல பூட்டுக்காரர் பேசியிருக்கார். எதிர்ல ஒரு முட்டாள் உக்காந்து கேட்டிருக்கான். கடைசில இவர் கேட்டிருக்கார், இந்த ஊசிய விட்டுடலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்கன்னு. அந்த முட்டாள் தலையாட்டிட்டான். ரெண்டு தடவ.

விட்டுட்டார்.

ஊசி இருந்தா வருஷக்கணக்குல இழுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். விட்டா முதுகெலும்புல வந்து உக்காந்துக்கும். வலின்னா அப்படி ஒரு வலியாம். அந்தப் பொண்ணு விஷயம் தெரிஞ்ச உடனே அவருக்குப் போன் மேல போன். ஆஸ்பத்திரிலேர்ந்தும் போன். மனுஷன் போன அணைச்சு வெச்சிட்டார்.

நான் யாரச் சொல்றது? அந்தப் பொண்ணையா? கம்ப்யூட்டரையா? என்னோட பழைய மாணவன் ஒருத்தன் இருக்கான், அவனச் சொல்லலாம். ஆமா, எல்லாத்துக்கும் காரணம் அவன்தான். வழுக்கை விழுந்து, பேங்க்ல பெரிய பதவில இருக்கான். காலேஜ்ல படிக்கறப்ப கூட்டாளிங்களுக்கெல்லாம் குரல மாத்தி மாத்தி உள்ளேன் ஐயா சொன்னவன். நாலு பேருக்கு நாலு குரல். கண்டுபிடிச்சு அந்த வருஷம் பரீட்சையே எழுத விடல நான். அட்டெண்டன்ஸ் விஷயத்துல என்னை எமன்னு சொல்லுவாங்க தம்பி. வராதவன் வந்ததாச் சொல்றது என் கிளாஸ்ல நடக்கவே நடக்காது. அப்படிப்பட்ட நான் அவனுக்குப் போன் பண்ணி... சும்மா ஒரு சந்தேகம்தான் கேட்டேன். இந்த ஆன்லைன் கிளாஸ்ல ஆள் இல்லாமலே ஆள் இருக்கற மாதிரி காட்ட முடியுமாடான்னு. அவன் கேட்டான், சார், நீங்களா சார்னு. அந்தக் குரல்ல இருந்த ஆனந்தத்த என்னன்னு சொல்ல. பேங்க் வேலைய அப்படியே போட்டுட்டு ஒரு மணி நேரம் உக்காந்து சொல்லிக் குடுத்தான்.

அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. நமக்குப் பின்னாடி கடல், மலைன்னு படம் வைக்கறாங்க பாருங்க, அந்த இடத்துல நாம உக்காந்திருக்கற வீடியோவையே வெச்சிடணும். நான் கண்ண மூடி மூச்சு விடறேன். நடுவுல கண்ணத் திறந்து, கொஞ்சம் யோசிக்கற மாதிரி பாத்து, ரெண்டு தடவ தலையாட்டறேன். திரும்பக் கண்ண மூடிக்கறேன். தலையாட்டல் எதுக்குன்னா, அந்தப் பொண்ணு அப்பப்ப லேசா இருக்கா சார்னு கேப்பா. ஒண்ணுமே அசையலன்னா சந்தேகம் வரும். வெச்சிட்டு நான் பால்கனிக்குப் போயிடுவேன். செடிங்களுக்குத் தண்ணி ஊத்தணும், பூச்சி பாக்கணும். அதுங்கள்ல எதுவும் என்கிட்ட உன்ன மரமா நினைச்சுக்கன்னு சொல்லாது.

அந்த வாரத்துலேர்ந்து நான்தான் கிளாஸ்ல முதல் மாணவன். பாருங்க, சார் எவ்வளவு ஆழமா உக்காந்திருக்கார்னு எல்லாருக்கும் காட்டுவாளாம். இருக்கறப்ப பாராட்டு வாங்கினதில்ல தம்பி, இல்லாதப்ப வாங்கினேன்.

புரிஞ்சிருக்கும் உங்களுக்கு. தலையாட்டறீங்க. அந்த முட்டாள் நான்தான். நான்னுகூடச் சொல்ல முடியாது. என் வீடியோ. அவங்க ஜோடி பிரிச்ச அன்னைக்கு நான் பால்கனில இருந்தேன். அவர என்கூடப் போட்டிருக்காங்க.

எப்படித் தெரியும்னா, போன வாரம் தண்ணி ஊத்திட்டுப் பூவாளியோட உள்ள வரேன், கம்ப்யூட்டர்ல அவர் குரல். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டிருக்கார். "நான் பேசப் பேச சார் ஒரு வார்த்தை குறுக்க வரல. என் பொண்டாட்டிகிட்ட சொல்லாததெல்லாம் சொன்னேன். என் ஜென்மத்துல யாரும் என் பேச்ச அப்படிக் கேட்டதில்லங்க. ஊசிய விட்டுடட்டுமான்னேன். சார் கண்ணத் திறந்தார், யோசிச்சார், சரின்னார். அதுக்கப்புறம்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன்."

அதச் சொல்லிட்டு, தேங்க்ஸ் சார்னார். திரைல இருந்த நான் கண்ணத் திறந்து, யோசிச்சு, ரெண்டு தடவ தலையாட்டினேன்.

நான் பூவாளியோட சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கறேன். போய் உக்கார முடியாது. உக்காந்தா படத்துல ஒருத்தன், முன்னாடி ஒருத்தன், ரெண்டு பேரா தெரிவேன். அதுக்கு பயந்தேன் தம்பி. ஒரு மனுஷன் உயிர விடறேங்கறார், எனக்கு மானம் போயிடுமேன்னு இருந்தது. தண்ணி சொட்டிச் சொட்டிக் கால் நனைஞ்சு போச்சு. கிளாஸ் முடியற வரைக்கும் அப்படியே நின்னேன். அப்புறம் அந்தப் பொண்ணு போன் பண்ணா. ஏன் சார் தலையாட்டினீங்க, அவர் உங்க பேச்சத்தான் கேப்பார், நீங்களே பேசுங்கன்னு கெஞ்சறா. ஏதோ ஞாபகத்துல ஆட்டிட்டேன்மான்னு சொன்னேன். இன்னும் அவளுக்கும் தெரியாது.

அவர் ஊசிய விடறதுன்னா விடட்டும். அவர் உடம்பு, அவர் எலும்பு. அந்த எரிச்சலும் அழுகையும் எனக்கும்தான் தெரியும், நானே எத்தனை தடவ விட்டுடலாமான்னு நினைச்சிருக்கேன். ஆனா அவர் யோசிச்சு விடணும். இல்ல ஒரு ஆளோட பேசி விடணும். பால்கனில செடிக்குப் பூச்சி பாத்துட்டிருந்தவனோட வீடியோ ஆடுச்சுன்னு விடக்கூடாது இல்லயா?

சிக்கல் என்னன்னா... ஊசி கூடப் பெரிசில்ல தம்பி. அவர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியாது. பொண்டாட்டிகிட்டயே சொல்லாதது. அத வெச்சுக்கிட்டு எத்தனை வருஷம் உக்காந்திருந்தாரோ. ஒரு வழியா ஒருத்தர்கிட்ட இறக்கி வெச்சோம்னு நிம்மதியாத் தூங்கறார். நான் போய், அங்க யாரும் இல்ல, நீங்க சுவத்துகிட்டதான் பேசினீங்கன்னு சொல்லணும். அதான் இறங்க மாட்டேங்குது கால்.

சொல்லாமலும் சமாளிக்கலாம். யோசிச்சு வெச்சிருக்கேன். அன்னைக்கு நீங்க சொன்னத நல்லாக் கேட்டேன், இப்ப மனசு மாறிட்டேன், ஊசி போட்டுக்குங்கன்னு சொல்லிடலாம். என் பேச்சக் கேப்பார். கிளம்பிடுவார். காரியம் ஆச்சு, மானமும் மிச்சம். ஆனா நீங்க கேட்டீங்களே சார், அந்த விஷயம்னு அவர் ஆரம்பிச்சார்னா? நான் தலையாட்டணும். திரும்பவும். சாகற வரைக்கும் ஆட்டிக்கிட்டே இருக்கணும்.

நீங்க சொல்லுங்க. இவ்வளவு நேரம் பொறுமையாக் கேட்டீங்க. உண்மையப் போட்டு உடைக்கறதா, இல்ல மனசு மாறிட்டேன்னு சொல்லிடறதா?

தலையாட்டறீங்க. சரி. எதுக்கு? உடைக்கறதுக்கா?

அதுக்கும் ஆட்டறீங்க. அப்ப மறைச்சிடறதுக்கா?

தம்பி. நான் இந்த டிக்கில ஒரு பொணத்த வெச்சிருக்கேன்.

அதுக்கும் தலையாட்டறீங்க.

ஓ. அந்தப் பக்கத்துக் காதுலயா. கொஞ்சம் திரும்புங்க... ஆமா, வெள்ளையா, குட்டியா. அதக் கழட்டுங்க, கோவமில்ல, சும்மா கழட்டுங்க. பாட்டா, போனா? வீட்டுக்காரியா. நல்லது. அவங்க பேசறதுக்குத்தான் ஆட்டிட்டு இருந்தீங்களா. அப்ப நீங்க நான் சொல்லி இங்க நிறுத்தல, மேப்பு சொல்லி நிறுத்தியிருக்கீங்க. ஏசியும் அதான் ஏறல. இல்ல, மன்னிப்பெல்லாம் எதுக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க, நான்பாட்டுக்கு ஆரம்பிச்சுட்டேன். ஒண்ணுமே காதுல விழலயா? ஒண்ணுகூட? ஸ்டாப் ஜோக்?

சரி.

இப்படித்தான் இருக்குமா இது. சுவத்துகிட்டதான் பேசினோம்னு தெரியறது.

இருங்க இருங்க, ஷட்டர் ஏறுது. வாசல்ல வண்டி இவ்வளவு நேரம் உறுமிட்டு நிக்குதேன்னு பாக்க வரார் போல. அவர்தான். கையில அட்டை விசிறி, எரியுது மனுஷனுக்கு. திரைல பாத்தத விட குள்ளம். என்னப் பாத்துட்டார். பாருங்க, சிரிக்கறார்... ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிடறார், எனக்கு. அய்யோ.

பூட்டு எங்க? வேணாம், பூட்டு இங்கயே இருக்கட்டும். அதுக்குச் சாவி வேற தேடித் தொலைக்கணும். சும்மாவே போறேன். முதல்ல அந்த வீடியோவச் சொல்லிடறேன். அடிச்சா வாங்கிக்கறேன். அடிக்கலன்னா, அன்னைக்குச் சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க, இந்தத் தடவ ஆள் இருக்கேன்னு கேக்கறேன்.

நீங்க கிளம்பிடாதீங்க. ஏசிய நல்லா ஏத்தி வைங்க, ரெண்டு பேரும் எரிஞ்சிட்டு வருவோம். ரெண்டு பேரா வந்தா நேரா ஆஸ்பத்திரி, அஞ்சுக்குள்ள. நான் மட்டும் வந்தேன்னா... அத எடுத்து மறுபடி காதுல மாட்டிக்குங்க தம்பி. எனக்கு நிறையப் பேச வேண்டியிருக்கும்.